ஒரு தாள் கனம்

மேற்கே மலை நிற்க, கிழக்கே ரயில்வே கேட் எந்நேரமும் சாத்திக் கிடக்க, நடுவில் மரத்தூள் பறக்கும் ஒரு தெரு செங்கோட்டையில் இருந்தது. ஊர்க்காரர்கள் அதைப் பெட்டித் தெரு என்றார்கள், தபால்காரர் மட்டும் போர்டில் எழுதியிருந்த வேறொரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், அந்தப் பெயருக்குத் தெருவில் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. அந்தத் தெருவின் கடைசி வீட்டில் ஆவுடையும் பொன்ரதியும் இருந்தார்கள், அண்ணன் தம்பிக்கு வாக்கப்பட்டு வந்த ஓரகத்திகள், வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, கொட்டகைக்கு நடுவில் ஒரு டேபிள் ரம்பத்தை நிறுத்தி, அஞ்சறைப் பெட்டி செய்து விற்றார்கள்.

மூத்தவள் ஆவுடைக்கு எதுவும் இறுக்கமாக இருக்க வேண்டும். அவள் போட்ட முடிச்சை அவள்தான் அவிழ்க்க முடியும், அவள் பூட்டிய பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு மூன்றாம் தரம் பூட்டையே சந்தேகமாகப் பார்ப்பாள், ஊறுகாய் ஜாடியை அவள் திருகி மூடிவிட்டால் அவள் புருஷன் மாடசாமி பக்கத்து வீட்டில் போய் ஊறுகாய் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான். இளையவள் பொன்ரதி அதற்கு நேர் எதிர். கதவை ஒருக்களித்தே விடுவாள், சட்டி மூடியைச் சாய்த்தே வைப்பாள், ஒரு பேச்சைத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவாள், மீதிப் பாதியை ஆவுடை பின்னாலேயே போய், அப்புறம் என்னட்டி, அப்புறம் என்னட்டி என்று கேட்டுப் பிடுங்க வேண்டும்.

பொன்ரதியின் புருஷன் கொம்பையா மதுரையில் ஒரு மில்லில் வேலை பார்த்தான், மாதம் ஒருதரம் வந்து போனான். அந்த வருஷம் ஆடிச் சாரல் தொடங்கிய வாரத்தில், வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பொன்ரதி, அவுக வீடு பாத்துட்டாகளாம்க்கா, ஆவணி பிறந்ததும் நானும், என்று சொல்லிவிட்டு வெண்டைக்காயை அள்ளிக்கொண்டு உள்ளே போனாள். இந்த ஒரு பாதியை மட்டும் ஆவுடை பின்னால் போய்க் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, அப்படின்னா அதுக்குள்ள ஜிக்கை முடிச்சிரணும் என்று மட்டும் சொன்னாள்.

அதுவரை பெட்டியின் மூலைகளை ஆணி அடித்துத்தான் சேர்த்தார்கள். ஆணி சாரலில் துருப்பிடித்தது, துரு வெந்தயத்தில் இறங்கியது, வாங்கிப்போனவர்கள் குழம்பு இரும்பு மணக்குது என்று பெட்டியைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஆணியே இல்லாமல், பலகையின் ஓரத்தில் பல் வெட்டி, ஒரு பலகையின் பல்லை அடுத்த பலகையின் பள்ளத்தில் கோத்துவிட்டால் பெட்டி ஆயுசுக்கும் நிற்கும். ஆனால் பல்லும் பள்ளமும் ஒரே அகலத்தில் வர, கண்ணை நம்ப முடியாது, கையை நம்ப முடியாது, ரம்பத்தில் பலகையை அளவாக நிறுத்தித் தரும் ஜிக்கைத்தான் நம்ப வேண்டும்.

டிவியில் சமையல் சொல்லித்தரும் அம்மா சிரித்த முகத்தோடு சொல்வதைப்போலச் சொன்னால், ஜிக் ரொம்ப ஈஸிதாங்க. ரம்ப மேஜையில் நீளவாக்கில் ஓடும் பள்ளத்தில் வழுக்கிப் போகும்படி இரண்டு சட்டம் எடுத்துக்கோங்க, சட்டத்தின் மேல் ஒரு பலகையை நிமிர்த்தி நிறுத்திக்கோங்க, அதை ரம்பத்தின் மேல் ஒருதரம் தள்ளினீங்கன்னா பலகையில் ஒரு வாய் விழும், அந்த வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவு தள்ளி, அதே அகலத்தில் ஒரு தேக்கு முளையை நட்டுவிட்டால் ஜிக் ரெடி. பெட்டிப் பலகையை முளையில் முட்டக்கொடுத்துத் தள்ளினால் முதல் பள்ளம். அந்தப் பள்ளத்தைத் தூக்கி முளையில் மாட்டித் தள்ளினால் அடுத்த பள்ளம். மாட்டி மாட்டித் தள்ளத் தள்ளப் பல்வரிசை. அந்த அம்மா சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. முளை பிளேடைவிட்டுச் சற்று விலகி நின்றால் பல் தடித்துக் கோர்வை இறுகும், சற்று நெருங்கி நின்றால் பல் மெலிந்து கோர்வை தளரும், எல்லாம் அந்த முளை நிற்கும் இடத்தில் இருக்கிறது.

எனவே முளை நிற்கும் இடத்தைப் பற்றித்தான் சண்டை வந்தது. ஒரு தாள் கனமாவது இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் பசை இறங்காது, மரம் மூச்சுவிடாது, வெயில் வந்தால் வெடிக்கும் என்றாள் பொன்ரதி. ஒரு இடமும் விடக்கூடாது, தண்ணீர் ஊற்றினால் சொட்டக்கூடாது, எறும்பு முட்டிக்கொண்டு திரும்பிப் போக வேண்டும் என்றாள் ஆவுடை. மூத்தவள் என்பதால் ஆவுடை நினைத்த இடத்தில் முளை நின்றது. இரண்டு துண்டுப் பலகையில் பல் வெட்டி, கோத்து, கொட்டாப்புளியால் அடித்தார்கள், இறங்கியது, திருப்பிக் கழற்ற அடித்தார்கள், வரவில்லை. பொன்ரதி பலகையையே பார்த்தாள். அந்தப் பார்வை பிடிக்காமல், கோர்வை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக, ஆவுடை விரல்களை விரித்தாள். வழக்கமாக எல்லோரும் தங்கள் இரண்டு கையையும் கோத்துத்தான் அதைக் காட்டுவார்கள். ஆவுடையின் வலது கையில் கொட்டாப்புளி இருந்தது. ஆகவே தன் இடது கை விரல்களைப் பொன்ரதியின் வலது கை விரல்களுக்குள் செலுத்தினாள்.

"இப்படி இருக்கணும். காத்து போகப்படாது."

"பசை எங்கக்கா போகும்?"

"பசை எதுக்குட்டி? இதுவே நிக்கும்."

நின்றது. அப்புறம் அந்த விரல்கள் பிரியவில்லை.

வலி இல்லை, வீக்கம் இல்லை, தோல் தோலோடு ஒட்டவும் இல்லை. விரலுக்கும் விரலுக்கும் நடுவில் இடம் இல்லை, அவ்வளவுதான். தேங்காயெண்ணெய் விட்டார்கள், இறங்க வழியில்லாமல் எண்ணெய் மணிக்கட்டு வழியாக ஓடி முழங்கையில் சொட்டியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, எலும்பெல்லாம் அது அது இடத்தில இருக்கு, வலிக்குதா, வலிக்கலையா, வலிக்கலைன்னா ஏம்மா வந்தீங்க என்று கேட்டுவிட்டு, வந்ததற்குச் சத்து மாத்திரை எழுதித் தந்தார். ஆளுக்குப் பாதி என்று மருந்துக் கடைக்காரரே பிரித்துக் கொடுத்தார். சாரல் காலத்தில் மரம் உப்பும், கை உப்பாதா, ஆவணி வெயில் வந்தால் தானாக வரும் என்று தெரு முடிவு செய்தது, முடிவு செய்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போனது.

தெருவுக்கு வேலை நிறைய இருந்தது. முதல் வேலை ரவிக்கை. கோத்த கையில் ரவிக்கையை எப்படி நுழைப்பது என்று டெய்லர் மாரித்தங்கம் ஒரு பகல் முழுக்க ஊசியை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார், பிறகு தோளிலிருந்து கை விளிம்புவரை பிரஸ் பட்டன் வைத்து ஒரு ரவிக்கை தைத்தார், அதைப் பார்த்துவிட்டு, கை யாரோடும் கோக்காமல் இருந்த மற்றப் பெண்களும் எனக்கும் அந்தப் பட்டன் மாடல் தைங்க என்று வரிசையில் நின்றார்கள். ரேஷன் கடை மிஷினில் ஆவுடை பெருவிரலை வைத்தபோது பக்கத்திலேயே நின்ற பொன்ரதியின் பெருவிரலும் சேர்ந்து பதிந்தது, மிஷின் கொஞ்சம் தயங்கி, சரி என்று பச்சை விளக்கு காட்டியது. அம்மன் கோயில் பூசாரிக்குக் குங்குமத்தை எதில் போடுவது என்ற சிக்கல் வந்தது, கோத்த கைக்கு உள்ளங்கை கிடையாது; ஆவுடையின் வலது கையில் ஒரு சிட்டிகை கூடுதலாகப் போட்டார், அவள் இரண்டு நெற்றிக்கும் இட்டுவிட்டாள். யூடியூப்காரன் ஒருவன் மைக்கோடு வந்தான், வணக்கம் நேயர்களே, இப்ப நாம எங்க நிக்கோம்னா என்று ஒவ்வொரு சொல்லையும் சவ்வுமிட்டாய் மாதிரி இழுத்து, கடைசியில், அம்மா, இந்தத் தருணத்துல உங்க மனசு எப்படி இருக்கு என்று கேட்டான். ரம்பம் ஓடுது, கையத் தள்ளி வையி என்றாள் ஆவுடை. அந்த வீடியோவில் ரம்பச் சத்தம் மட்டும்தான் இருக்கிறது, மலேசியாவில் நிறையப் பேர் பார்த்தார்களாம்.

செவ்வாய்க்கிழமைகளில் கீல் வாங்க இருவரும் டவுன் பஸ்ஸில் தென்காசிக்குப் போவார்கள். பெண்களுக்கு இலவசம், ஆனால் டிக்கெட் கிழித்துத்தான் ஆக வேண்டும். ஞானதிரவியம் என்ற கண்டக்டர் முதல் தடவை மிஷினைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். ஆளுக்கு ஒன்று என்றால் இரண்டு, கைக்கு ஒன்று என்றால் மூன்று, ஏறினது ஒரே ஏற்றமாகத்தானே ஏறினார்கள் என்றால் ஒன்று. பஸ் முழுக்கப் பேசியது. சீட்டில் இரண்டு இடம் பிடிக்காங்களே என்றது முன்பக்கம், இறங்கும்போது ஒரே விசில்தானே என்றது பின்பக்கம். காசு இல்லாத டிக்கெட்டுக்கு இவ்வளவு கணக்கா என்று டிரைவர் ஹாரன் அடித்தார். ஞானதிரவியம் ஒரு டிக்கெட் கிழித்து ஆவுடையிடம் தந்தார், அவள் அதை மடித்து இடுப்பில் செருகினாள், அதிலிருந்து அவர்களுக்கு ஒரு டிக்கெட் என்பது அந்த ரூட்டின் சட்டமாகிவிட்டது. செக்கர் ஏறியபோது பஸ்ஸே சேர்ந்து அவருக்கு அந்தச் சட்டத்தை விளக்கியது.

வீட்டுக்குள் அவ்வளவு சுலபமாக எதுவும் முடியவில்லை. ஒருத்தி அடுப்படிக்கும் ஒருத்தி வாசலுக்கும் இழுத்து, இருவரும் கூடத்தின் நடுவில் மின்கம்பம் மாதிரி நின்ற நாட்கள் உண்டு. மாடசாமி பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனான், மரத்தூளில் படுத்துத் தும்மித் தள்ளினான், அவன் தும்மலை வைத்துத் தெரு நேரம் சொன்னது. பொன்ரதியின் வலது கை கோர்வையில் போய்விட்டதால் ஆவுடைதான் அவளுக்கு ஊட்டினாள், ஊட்டுவதிலும் அதே இறுக்கம், ஒவ்வொரு உருண்டையும் ஜாடி மூடியைப் போல வாயை அடைத்தது. வாயில கொஞ்சம் இடம் விடுங்கக்கா என்று பொன்ரதி கண்ணில் தண்ணீரோடு சொன்ன பிறகு உருண்டை சிறுத்தது. சாயங்காலம் கொம்பையா போன் பண்ணுவான். ஆவுடை மரியாதைக்கு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, காது கேட்கவில்லை என்று காட்டுவதற்காகப் பாட்டு முனகுவாள், கொம்பையா அந்தப் பக்கத்திலிருந்து, அங்க யாரு ரேடியோ போட்டிருக்கா என்பான். ஒருதரம், அப்படின்னா ரெண்டு பேரையும் மதுரைக்குக் கூட்டிட்டு வந்துரட்டுமா என்று கேட்டான். மாடசாமி கொட்டகையிலிருந்து தும்மினான், அதுதான் பதில்.

ஆனால் ரம்பத்தின் முன்னால் அவர்கள் நின்றால் பார்க்க வேண்டும். ஆவுடையின் வலது கையும் பொன்ரதியின் இடது கையும் ஜிக்கின் இரண்டு ஓரத்தையும் பிடிக்க, கோத்த கை நடுவில் மடித்து நெஞ்சருகே நிற்க, மாட்டு, தள்ளு, தூக்கு, மாட்டு, தள்ளு, தூக்கு என்று ஒருத்தி மூச்சை இழுத்தால் ஒருத்தி விட, அகன்ற தோளுள்ள ஒரே ஆள் வேலை செய்வதைப் போலிருக்கும். முன்பெல்லாம் ஒரு பெட்டிக்கு எடுத்த நேரத்தில் இப்போது இரண்டு வந்தது. பெட்டித் தெரு ஓரகத்திப் பெட்டி என்று குற்றாலம் கடைகளில் கேட்டு வாங்கினார்கள், பெட்டியில் தண்ணீர் ஊற்றினால் சொட்டவில்லை, எறும்பு முட்டிக்கொண்டு திரும்பிப் போனது. ஆவுடை இதற்குமேல் என்ன வேண்டும் என்ற முகத்தோடு இருந்தாள். ஆடி போனது, ஆவணி வந்தது, வெயில் வந்தது, விரல் வரவில்லை. மதுரையில் கொம்பையா காலி வீட்டுக்கு வாடகை கொடுத்துக்கொண்டு, ஒரு பானையில் ஒரு ஆளுக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தான். பொன்ரதியின் துணிப்பை கட்டியபடியே மூலையில் இருந்தது. அதையும் ஆவுடைதான் கட்டினாள் என்பதால் மாற்றுச் சேலைக்குப் பொன்ரதி பையின் ஓரத்தைக் கத்தரிக்க வேண்டியிருந்தது.

பிறகு பெட்டிகள் வெடிக்க ஆரம்பித்தன. இலஞ்சி டீச்சர் ஒருத்தி இரண்டாகப் பிளந்த பெட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தாள். மத்தியானம் கண்ணசந்த நேரத்தில் அடுப்படியில் டப்பென்று சத்தமாம், கேஸ்தான் வெடித்தது என்று தெருவுக்கு ஓடினாளாம், தெருவில் நின்றபிறகுதான் தலையில் கடுகு இருப்பதைப் பார்த்தாளாம். அவளுக்குப் பின்னால் குற்றாலம் கடைக்காரர் வந்தார், கடைக்காரருக்குப் பின்னால் ஒரு கல்யாண வீடே வந்தது. எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரி வெடித்திருந்தது; பல் உடையவில்லை, கோர்வை அசையவில்லை, மூலை மூலையாகவே நிற்க, போக இடமில்லாத பலகை நடுவில் கீறி விட்டிருந்தது.

வந்தவர்கள் போனபிறகு கொட்டகையில் இருவர் மட்டும் நின்றார்கள். தகரத்தின் ஓட்டை வழியாக வெயில் விழுந்து ரம்ப மேஜையில் கிடந்தது.

"முளையை பிளேடு பக்கம் நகத்தணும்க்கா."

"எவ்வளவு?"

"ஒரு தாள் கனம்."

ஆவுடை பிளந்த பலகையைத் தடவிப் பார்த்தாள். பொன்ரதி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஜிக்கின் முளை ஒரு சிறு பலகையில் நின்றது, பலகையை இரண்டு திருகாணி பிடித்திருந்தது, ஒரு கை பலகையைப் பிடிக்க ஒரு கை திருக வேண்டும். பொன்ரதிக்கு இருந்தது ஒரு கை, மற்றது ஆவுடையினுடையது.

"நகத்துனா விரலும் வந்துரும்லா" என்றாள் ஆவுடை.

தனக்கு மட்டும்தான் அது தெரியும் என்று பொன்ரதி நினைத்திருந்தாள். எப்பத்திலிருந்து தெரியும் என்று கேட்டாள். கோத்த அன்னைக்கே தெரியும், கொட்டாப்புளியைக் கீழ வைக்கும்போதே தெரியும் என்றாள் ஆவுடை. அவள் எதையும் பாதியில் விட்டதில்லை என்பதால் இதையும் முழுசாகவே சொன்னாள்.

"நீ போயிட்டா நான் யார்கூடட்டி சண்டை போட?"

பொன்ரதி பிளந்த பலகையின் கீறலில் நகத்தை ஓட்டினாள். "வெடிச்சிரும்க்கா" என்றாள். பெட்டியையா என்று ஆவுடை கேட்கவில்லை.

ஆவுடை வலது கையை இடுப்புக்குக் கொண்டுபோய், செவ்வாய்க்கிழமை டிக்கெட்டை உருவினாள், மடிப்பை நீவி நேராக்கி, இது போதுமா என்று கேட்டாள். முளைப் பலகைக்கும் அதை முட்டி நிறுத்தும் கட்டைக்கும் நடுவில் வைத்தால் சரியாக இருக்கும் என்றாள் பொன்ரதி. போதாதுன்னா இன்னொண்ணு வைக்கவா என்று ஆவுடை இடுப்பில் தேடினாள்.

"ஒண்ணு போதும். ரெண்டு வச்சா ஆடும்."

பொன்ரதியின் இடது கை பலகையைத் தளர்த்திப் பிடித்தது, ஆவுடையின் வலது கை டிக்கெட்டைச் செருகித் திருகாணியை முடுக்கியது, முடுக்கிவிட்டு இன்னொரு சுற்றுத் திருகப் போய், நிறுத்திக்கொண்டது. இரண்டு துண்டுப் பலகையில் பல் வெட்டினார்கள். கோத்தார்கள், கொட்டாப்புளி தேவைப்படவில்லை, உள்ளங்கையால் அழுத்தவே இறங்கியது. இழுத்தார்கள், சின்னதாக ஒரு முத்தச் சத்தத்தோடு வந்தது. அது வந்த அதே நேரத்தில், யாரும் இழுக்காமலே, விரல்களும் வந்தன. இரண்டு கைகளும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் அப்படியே விரிந்து நின்றன.

விரல்கள் கோத்துக்கொண்டபோது அசராத தெரு இப்போதுதான் வாயைப் பிளந்தது. எப்படி வந்துச்சு, எப்படி வரும், ஒண்ணா இருந்தது எப்படி ரெண்டாகும் என்று கூட்டம் கூட்டமாக வந்து, தனித்தனிக் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். மாரித்தங்கம் வெட்டி வைத்த ரவிக்கைத் துணியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ரேஷன் கடை மிஷின் ஆவுடையின் தனிப் பெருவிரலை ஏற்றுக்கொள்ளாமல் சிவப்பு விளக்கு காட்டியது, நேற்றுவரை நல்லாத்தானே இருந்தீங்க என்றார் கடைக்காரர். யூடியூப்காரன் மறுபடி வந்தான், இது நம்ப முடியாத ஓர் அதிசயம் நேயர்களே என்று இழுத்தான். முதல் நாள் கோத்த துண்டுப் பலகை மட்டும் கடைசிவரை வரவே இல்லை. கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு கிடந்தது, அதனால் கதவு எப்போதும் ஒருக்களித்தே நின்றது, ஆவுடை அதைச் சாத்தவும் இல்லை.

பொன்ரதி கிளம்பிய அன்று பையைத் தூக்க ஆவுடையும் டவுன் பஸ்ஸில் ஏறினாள். பழக்கத்தில் ஒட்டியே உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு விரல் போகும் இடம் இருந்தது. ஞானதிரவியம் மிஷினை அழுத்தப் போய், குனிந்து இருவர் கையையும் பார்த்தார். பஸ் பேசவில்லை. அவர் முதல்முறையாக இரண்டு டிக்கெட் கிழித்து, ஆளுக்கு ஒன்றாகத் தந்தார்.

தென்காசியில் மதுரை பஸ் புறப்படத் தயாராக நின்றது. பொன்ரதி ஜன்னலோரம் உட்கார்ந்து தலையை வெளியே நீட்டி, அக்கா, நீங்க மட்டும் அங்க, என்று தொடங்கினாள், டிரைவர் கியர் போட்டார், பேச்சு பாதியில் நின்றது. ஆவுடையின் வாய் திறந்தது. ஆனால் அவள் பஸ்ஸின் பின்னால் போகவில்லை, அப்புறம் என்னட்டி என்று கேட்கவில்லை, அந்தப் பாதியை அப்படியே விட்டாள்.

திரும்பி வந்து கொட்டகைக்குப் போனபோது அன்றைக்குக் கிழித்த டிக்கெட் அவள் கையிலேயே இருந்தது. ஜிக்கின் முன்னால் நின்றாள். முளைப் பலகைக்கும் கட்டைக்கும் நடுவில் பழைய டிக்கெட்டின் ரோஸ் நிற ஓரம் நூல் மாதிரித் தெரிந்தது. கையிலிருந்ததை அதன் பக்கத்தில் கொண்டுபோனாள், கொஞ்ச நேரம் பிடித்திருந்தாள். ரெண்டு வைத்தால் ஆடும். அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் ஜிக்கைப் பிடித்து, ரம்பத்தைப் போட்டாள்.